அத்தையின் மாத்திரை டப்பா: மருந்துப் பாதுகாப்பு ஆய்வில் இறங்க நினைப்பவர்களுக்கு

என் அத்தைக்கு 68 வயது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே ஆறு அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்ட இரண்டு மருந்துச் சீட்டுகள்.

“இது எதுக்கு அத்தை?”

“அது பிரஷருக்குப்பா. காலையில ஒண்ணு.”

“அப்ப இது?”

“கால் வீங்குதுன்னு கொடுத்தாங்க. அதைப் போட்டா ஒண்ணுக்கு வந்துக்கிட்டே இருக்கு. அதனாலதான் பஸ்ல எங்கயும் போறதில்ல.”

முதல் மாத்திரை அம்லோடிபின் 10 மில்லிகிராம். இரண்டாவது ஃப்ரூஸெமைடு 40, ஊரில் நீர் மாத்திரை என்பார்கள். அம்லோடிபின் எடுப்பவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். டோஸ் கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடும். இது உடம்பில் நீர் அதிகமாகச் சேர்ந்ததால் வரும் வீக்கம் அல்ல. மருந்து சிறு தமனிகளை விரித்துவிடுகிறது, சிரைகள் அந்த அளவுக்கு விரிவதில்லை, நடுவில் உள்ள நுண்குழாய்களில் அழுத்தம் ஏறித் திரவம் வெளியே கசிகிறது. அதனால் நீர் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. ஆனால் ரத்தத்தில் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் குறைக்கும், தலைசுற்ற வைக்கும், வயதானவர்களைக் கீழே விழ வைக்கும்.

இரண்டு சீட்டையும் எழுதியது இரண்டு டாக்டர்கள். அவரவர் முன்னால் இருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி இன்னொரு மருந்து எழுதுவதை ‘மருந்துச் சங்கிலி’ என்று சொல்லலாம். 1990களிலிருந்தே முதியோர் மருத்துவர்கள் இதைப் பற்றி எச்சரித்து வருகிறார்கள்.

ஒரு அத்தைக்கு நடந்தால் அது ஒரு வீட்டின் கதை. ஆயிரம் பேர் புதிதாக அம்லோடிபின் தொடங்கினால் அவர்களில் எத்தனை பேர் நீர் மாத்திரைக்குப் போகிறார்கள், அதில் எத்தனை பேர் எப்படியும் போயிருப்பார்கள் என்று கேட்கும்போது அது ஆய்வாகிறது. இந்தத் துறைக்குப் பெயர் பார்மகோஎபிடெமியாலஜி. மருந்து மக்களிடம் போன பிறகு என்ன செய்கிறது என்று எண்ணிப் பார்க்கும் வேலை. பார்மசி படிக்கிறவர்கள், சமூக மருத்துவத்தில் இருக்கிறவர்கள், செவிலியர்கள், புள்ளியியல் தெரிந்தவர்கள் என்று யார் வேண்டுமானாலும் இதற்குள் வரலாம். எங்கே தொடங்குவது என்பதை நான் கற்றுக்கொண்ட வரிசையில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அம்லோடிபின் நல்ல மருந்து, எத்தனையோ பேரைப் பக்கவாதத்திலிருந்து காப்பாற்றுகிறது. கால் வீங்கினால் டாக்டரிடம் மருந்து டப்பாவோடு போங்கள்.

ட்ரையல் எதைச் சொல்லாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

“கிளினிக்கல் ட்ரையல் எல்லாம் முடித்துத்தானே மருந்தை விற்கிறார்கள், அப்புறம் என்ன ஆய்வு?” என்று உங்கள் வீட்டிலேயே கேட்பார்கள். பதிலை ஒரு சின்னக் கணக்கில் சொல்லிவிடலாம். ஒரு ட்ரையலில் 3,000 பேர் மருந்து எடுத்தார்கள், ஒருவருக்கும் ஈரல் பாதிப்பு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் பாதிப்பு 1,000 பேரில் ஒருவருக்கு வரும் அளவுக்கு இருக்க வாய்ப்புண்டு. மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மேல் எல்லை. ‘மூன்றின் விதி’ என்று இதற்குப் பெயர். ஒரு கோடிப் பேர் சாப்பிடப் போகும் மருந்தில் ஆயிரத்தில் ஒன்று என்றால் 10,000 பேர்.

இன்னொன்று, ட்ரையலில் சேர்க்கப்பட்டவர்கள் என் அத்தையைப் போன்றவர்கள் அல்ல. ஆறு மருந்து சாப்பிடும் முதியவர், கர்ப்பிணி, சிறுநீரகம் பழுதானவர் எல்லாம் பெரும்பாலும் வெளியே நிறுத்தப்பட்டிருப்பார்கள்.

தாலிடோமைடு கதை பலருக்கும் தெரியும். 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது, 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்திருந்தார்கள். அதன் பிறகுதான் 1964இல் பிரிட்டனில் டாக்டர்கள் பக்கவிளைவை எழுதி அனுப்ப மஞ்சள் அட்டை வந்தது. 1968இல் உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளோடு சர்வதேச மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியா அதில் சேர்ந்தது 1998இல்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்

“அம்லோடிபின் பாதுகாப்பானதா?” என்பதை வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய முடியாது. யாருக்கு, எந்த மருந்து, எதோடு ஒப்பிட்டு, என்ன நடந்தது, எத்தனை நாளுக்குள் என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்துக்குள் வர வேண்டும். இப்படி: “ரத்தக் கொதிப்பு உள்ள, 66 வயது நிரம்பியவர்களில், அம்லோடிபின் வகை மருந்தைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு, வேறு வகை பிரஷர் மருந்தைப் புதிதாகத் தொடங்கியவர்களைவிட, 90 நாளுக்குள் நீர் மாத்திரை எழுதப்படுவது அதிகமா?”

இது நான் கற்பனை செய்த கேள்வி அல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், அம்லோடிபின் வகை மருந்தைப் புதிதாகத் தொடங்கிய 41,086 முதியவர்களின் பதிவுகளை மற்றவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு, இதே கேள்வியைக் கேட்டு 2020இல் முடிவை வெளியிட்டார்கள். 66 என்ற எண்ணைப் பாருங்கள். அங்கே 65 வயதானால் அரசு மருந்துத் திட்டம் தொடங்குகிறது. 66 வயதுக்காரருக்குத்தான் முந்தைய ஒரு வருட மருந்துப் பதிவு கையில் இருக்கும். அது இருந்தால்தான் ‘இவர் இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கினார்’ என்று அடித்துச் சொல்ல முடியும். ஒரு ஆய்வில் எண் ஏதாவது விநோதமாகத் தெரிந்தால் அதற்குப் பின்னால் காரணம் இருக்கும், தேடிப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரை வாசிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

மருந்துக் கடையில் ஒரு வாரம் உட்காருங்கள்

கம்ப்யூட்டர் முன் உட்காருவதற்கு முன் இதைச் செய்யுங்கள். தெரிந்த மெடிக்கல் ஷாப்பில், அல்லது மருத்துவமனை மருந்து வழங்கும் ஜன்னலுக்குப் பின்னால், மருந்தாளுநரின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார அனுமதி கேளுங்கள். இரண்டு நாளிலேயே புரிந்துவிடும், சீட்டில் எழுதியிருப்பதும் வயிற்றுக்குள் போவதும் ஒன்றல்ல. முப்பது நாளுக்கு எழுதியிருக்கும், காசில்லாமல் பத்து நாளுக்கு வாங்குவார்கள். பழைய அட்டையைக் கொண்டுவந்து “இதே மாதிரி குடுங்க” என்பார்கள். சீட்டில் இல்லாத வலி மாத்திரை ஒன்று கூடவே போகும். பின்னாளில் ‘இவர் 30 நாள் மருந்து எடுத்தார்’ என்று கம்ப்யூட்டரில் ஒரு வரி பார்க்கும்போது இதெல்லாம் உங்கள் நினைவுக்கு வர வேண்டும்.

பெயர்ச் சிக்கல் தனி. ஆம்லாங், அம்லோகைண்ட், ஸ்டாம்லோ என்று எழுதியிருந்தால் அம்லோடிபின் என்று சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். டெல்மா ஏஎம் என்று இருந்தால் உள்ளே டெல்மிசார்ட்டான் என்ற இன்னொரு பிரஷர் மருந்தோடு அம்லோடிபினும் சேர்ந்திருக்கிறது. லாசிக்ஸ் என்றால் ஃப்ரூஸெமைடு, லாசிலாக்டோன் என்றால் ஃப்ரூஸெமைடோடு ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு நீர் மாத்திரை. கூட்டு மாத்திரைகளைப் பிரிக்காமல் எண்ணினால் உங்கள் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். நம் நாட்டில் கூட்டு மாத்திரைகள் மிக அதிகம் என்பதால் இங்கே ஆய்வு செய்பவர்கள் நேரம் அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு நோட்டுப் புத்தகத்திலோ எக்ஸெல்லிலோ பிராண்ட் பெயர், உள்ளே இருக்கும் மருந்து, அளவு என்று மூன்று பத்தி போட்டு நீங்களே அகராதி தயாரியுங்கள்.

அந்த அகராதியில் நான்காவது பத்தியாக ஏடிசி குறியீட்டைச் சேருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆஸ்லோ மையம் ஒவ்வொரு மருந்துக்கும் தரும் ஏழெழுத்துக் குறியீடு அது. அம்லோடிபினுக்கு சி08சிஏ01, ஃப்ரூஸெமைடுக்கு சி03சிஏ01. பிராண்ட் எதுவானாலும் நாடு எதுவானாலும் இது மாறாது. அதே மையம் ‘வரையறுத்த தினசரி அளவு’ என்றும் ஒன்று வைத்திருக்கிறது. அம்லோடிபினுக்கு அது 5 மில்லிகிராம். இதை வைத்து மருந்துப் பயன்பாட்டை ஊருக்கு ஊர் ஒப்பிடலாம். 10,000 பேர் உள்ள ஓர் ஊருக்கு ஒரு வருடத்தில் 5 மில்லிகிராம் மாத்திரை 3,65,000 போனது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,000. அதாவது 1,000 பேருக்கு நாளொன்றுக்கு 100 அளவு, பத்தில் ஒருவர் தினமும் சாப்பிடுகிறார் என்பது போல. யாருக்கும் உண்மையில் 5 மில்லிகிராம்தான் கொடுக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒப்பிடுவதற்கான அளவுகோல், அவ்வளவுதான்.

தரவு எங்கே இருக்கிறது

டென்மார்க்கில் 1968இலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. மருந்து வாங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, இறந்தது எல்லாம் அந்த எண்ணில் கோர்க்கப்படுகின்றன. ஸ்வீடன், நார்வே, பின்லாந்து நாடுகளிலும் அப்படியே. பிரிட்டனில் பொதுநல மருத்துவர்களின் கம்ப்யூட்டர் பதிவுகள் 1987இலிருந்து சேர்ந்து வருகின்றன. இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட நாடுகளிலிருந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

நம் நாடு முழுவதற்கும் அப்படியொரு கோர்த்த பதிவேடு இன்னும் இல்லை. இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தர 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்குக் கணக்கு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு மருந்து போனது என்று சொல்லும், யார் விழுங்கினார்கள் என்று சொல்லாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஒரே வீட்டுக்கு மாதாமாதம் போகும் அமைப்பு என்பதால், முறையான அனுமதியோடு ஆய்வு செய்தால் அங்கே எவ்வளவோ தெரிந்துகொள்ளலாம் என்று நான் நம்புகிறேன். அப்புறம் நீங்கள் இருக்கும் மருத்துவமனையின் ஓபி, அதாவது வெளிநோயாளி, பதிவுகள். தொடங்குவதற்கு அதுவே போதும்.

எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

இந்தக் கட்டுரையில் ஒரே பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1976இல் நியூசிலாந்தில் ஆஸ்துமாவால் இறக்கும் இளம் வயதினரின் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. அதே வருடம்தான் அங்கே ஃபெனோடெரால் என்ற இன்ஹேலர் அறிமுகமாகியிருந்தது. ஒரு அழுத்துக்கு அதில் 200 மைக்ரோகிராம், அதே வேலையைச் செய்யும் சால்பியூட்டமால் இன்ஹேலரில் 100. ஆய்வாளர்கள் 1981 முதல் 1983 வரை ஆஸ்துமாவால் இறந்த, 5 முதல் 45 வயதுவரை உள்ள 117 பேரை எடுத்து, ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த 468 பேரோடு ஒப்பிட்டார்கள். இறந்தவர்களிடம் ஃபெனோடெரால் எழுதப்பட்டிருந்த வாய்ப்பு 1.55 மடங்கு. முடிவு 1989இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

உடனே கிளம்பிய எதிர்ப்பு நியாயமானதுதான். “மோசமான ஆஸ்துமா உள்ளவர்களுக்குத்தான் டாக்டர்கள் வீரியமான மருந்தை எழுதுவார்கள். அவர்கள் இறந்தது நோயால், மருந்தால் அல்ல.” இந்தத் துறையில் நீங்கள் எந்த ஆய்வைச் செய்தாலும் முதலில் வரும் கேள்வி இது. மருந்து எழுதப்பட்ட காரணமே நோயாளியை ஆபத்தானவராகக் காட்டும். தீயணைப்பு வண்டி நின்ற வீடெல்லாம் எரிந்திருக்கிறது என்பதற்காக வண்டிதான் தீ வைத்தது என்று சொல்ல முடியாதல்லவா.

சரி, எப்படிப் பதில் சொன்னார்கள்? நோய் கடுமையாக உள்ளவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பாளர்கள் சொன்னது சரியென்றால், எல்லோருமே மோசமான நோயாளிகளாக இருக்கும் கூட்டத்துக்குள் அந்த 1.55 இறங்கி ஒன்றை நெருங்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஸ்டீராய்டு மாத்திரை எடுக்குமளவுக்கு நோய் முற்றியவர்களிடம் அது 6.45. மிகக் கடுமையான கூட்டத்தில் 13.29. வாதம் அத்தோடு ஓயவில்லை, இன்னும் இரண்டு ஆய்வுகள் செய்ய வேண்டியிருந்தது. எச்சரிக்கைக்குப் பின் ஃபெனோடெரால் பயன்பாடு குறைந்தது, மரண விகிதமும் இறங்கியது.

இந்த ஆய்வை நான் முதன்முதலில் படித்த இரவு தூக்கம் வரவில்லை. கம்ப்யூட்டரில் போடும் சிக்கலான கணக்கோ கடினமான சூத்திரமோ எதுவும் அதில் இல்லை. எதிராளி சொல்வது உண்மையானால் எண் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து, அந்த இடத்திலேயே போய்ப் பார்த்தார்கள். உங்கள் ஆய்வுக்கும் அதைச் செய்யுங்கள். தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: “என் முடிவு தவறாக இருந்தால் எதனால் தவறாக இருக்கும்? அப்படியிருந்தால் வேறு எங்கே அது தெரியும்?”

அம்லோடிபின் கேள்விக்கு வருவோம். மருந்தே எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் தப்பாகும், அவர்கள் ஆரோக்கியமானவர்கள். ஒன்டாரியோவில் இரண்டு கூட்டங்களோடு ஒப்பிட்டார்கள். ஒன்று, அதே ரத்தக் கொதிப்புக்காக வேறு வகை மருந்தைப் புதிதாகத் தொடங்கியவர்கள். மற்றது, சம்பந்தமே இல்லாத ஏதோவொரு மருந்தைப் புதிதாகத் தொடங்கியவர்கள். ஏன் இரண்டாவது? டாக்டரைப் பார்க்கப் போவதாலேயே நீர் மாத்திரை எழுதப்பட வாய்ப்பிருக்கிறதே, அதையும் அளந்துவிடத்தான்.

நேரம் எப்போது தொடங்குகிறது?

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை மாரடைப்பைத் தடுக்கும் என்று பல வருடங்கள் நம்பினார்கள். அமெரிக்கச் செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு அப்படித்தான் காட்டியது. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரித்து 16,608 பெண்களை வைத்து நடந்த ட்ரையல் 2002இல் பாதியில் நிறுத்தப்பட்டது. மாரடைப்பு குறையவில்லை, 10,000 பெண்களுக்கு வருடத்துக்கு 7 பேர் வீதம் கூடியிருந்தது. மார்பகப் புற்றுநோய் 8 கூடுதல். இடுப்பு எலும்பு முறிவு 5 குறைவு.

ஏன் இப்படி? மாத்திரை எடுத்த பெண்கள் வசதியானவர்கள், உடம்பைக் கவனித்துக்கொள்பவர்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று நுட்பமானது. ஏற்கெனவே பல வருடம் மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்களை ஆய்வில் சேர்த்தால், தொடக்கத்திலேயே பாதிப்பு வந்து நிறுத்தியவர்கள் நம் கண்ணில் படவே மாட்டார்கள். தாக்குப்பிடித்தவர்கள்தான் மிஞ்சுவார்கள். அதே செவிலியர் தரவைப் புதிதாகத் தொடங்கியவர்களிலிருந்து எண்ணி 2008இல் மறுபடி கணக்கிட்டபோது முடிவு ட்ரையலை நெருங்கி வந்தது. ஆகவே எப்போதும் புதிதாகத் தொடங்கியவர்களிலிருந்து எண்ணுங்கள், முதல் மாத்திரை நாளே பூஜ்ய நாள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி உண்டு. “பத்து மாதம் விடாமல் மருந்து வாங்கியவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள்” என்று ஒருவர் சொன்னால், பத்தாவது மாதம் வாங்க வேண்டுமானால் அதுவரை உயிரோடு இருந்திருக்க வேண்டுமே என்று கேளுங்கள். அந்தப் பத்து மாதத்தில் அவர் இறந்திருக்கவே முடியாது. இதை ‘இறவா நேரம்’ என்பார்கள். அச்சில் வந்த பல கட்டுரைகள் இதில் விழுந்திருக்கின்றன.

முதல் ஆய்வாக எதைச் செய்யலாம்

பெரிய கனவோடு வருபவர்களிடம் நான் சொல்வது, முதல் ஆய்வை ஆறு மாதத்தில் முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான். இரண்டு யோசனைகள்.

ஒன்று, மருந்துச் சீட்டு ஆய்வு. உலக சுகாதார நிறுவனம் 1993இல் ஒரு முறையை வெளியிட்டது. 20 மருத்துவ நிலையங்கள், ஒவ்வொன்றிலும் 30 சீட்டு, ஆக 600. ஒரு சீட்டுக்குச் சராசரி எத்தனை மருந்து, பொதுப்பெயரில் எழுதியது எத்தனை சதவீதம், ஆன்டிபயாட்டிக் உள்ள சீட்டு எத்தனை, ஊசி போட்டது எத்தனை, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை எத்தனை. எண்ணத் தெரிந்தால் போதும், செய்துவிடலாம்.

இரண்டாவது எனக்கு மிகப் பிடித்தது. 1996இல் டென்மார்க்கில் ஒருவர் முன்வைத்த வரிசைச் சமச்சீர் முறை. அம்லோடிபின், ஃப்ரூஸெமைடு இரண்டையும் ஒரு வருட இடைவெளிக்குள் தொடங்கியவர்களை மட்டும் எடுங்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றால் எது முதலில் வந்தது என்பது ஏறக்குறைய சரிபாதியாக இருக்க வேண்டும். உங்களிடம் 90 பேர் இருக்கிறார்கள், அம்லோடிபினுக்குப் பிறகு ஃப்ரூஸெமைடு தொடங்கியவர்கள் 60, முன்பே தொடங்கியவர்கள் 30 என்று வைத்துக்கொண்டால் விகிதம் 2. ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடு என்பதால் வயது, பால், குடும்ப வசதி எதுவும் குறுக்கே வராது. மருந்து தொடங்கிய தேதி இரண்டு தெரிந்தால் போதும். ஆனால் பிரஷர் உள்ளவருக்கு நாளாக ஆக இதயம் பலவீனமாகி நீர் மாத்திரை தேவைப்படலாம், இதய நோய் உள்ளவர்களைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள்.

இரண்டுக்குமே நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வேண்டும். சீட்டை வெறுமனே பார்ப்பதுதானே என்று நினைக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலைப் படியுங்கள். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. சின்ன ஊரில் வயது, தெரு, அரிதான ஒரு நோய் மூன்றும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். எதை எப்படி எண்ணப் போகிறீர்கள் என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே எழுதித் தேதி போட்டு வையுங்கள். கணக்குப் போட ஆர் என்ற மென்பொருள் இலவசம்.

எண்ணைச் சொல்லும் விதம்

ஒன்டாரியோவில் 90 நாளுக்குள் நீர் மாத்திரைக்குப் போனவர்கள் அம்லோடிபின் வகையில் 1.4 சதவீதம், மற்ற பிரஷர் மருந்தில் 0.7, சம்பந்தமில்லாத மருந்தில் 0.5. இதை “இரண்டு மடங்கு ஆபத்து!” என்று தலைப்புப் போடலாம், பொய்யல்ல. “1,000 பேரில் கூடுதலாக 7 பேர்” என்றும் சொல்லலாம். முதலாவதைப் படித்தவர் மாத்திரையைக் குப்பையில் போடுவார், இரண்டாவதைப் படித்தவர் டாக்டரிடம் கேட்பார். இரண்டையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள். தயவுசெய்து.

பக்கவிளைவைப் பதிவு செய்யப் பழகுங்கள்

ஆய்வு செய்யாவிட்டாலும் இதைச் செய்யலாம். இந்தியாவின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 ஜூலையில் தொடங்கி, 2011 முதல் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்திலிருந்து நடக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் அதன் கண்காணிப்பு மையங்கள் உண்டு. கட்டணமில்லா எண் 1800-180-3024. பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் கிடைக்கிறது. நோயாளி யார் என்று அடையாளப்படுத்த ஏதாவது ஒன்று, சொல்பவர் யார், சந்தேகப்படும் மருந்து, என்ன நடந்தது. இந்த நான்கும் இருந்தால்தான் அது அறிக்கை. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும்.

அத்தையின் படிவத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். “எப்ப இருந்து அத்தை கால் வீக்கம்?” “ஆடி மாசம் கோயிலுக்குப் போனப்ப செருப்பு பத்தல.” பழைய சீட்டை எடுத்துப் பார்த்தால், 5 மில்லிகிராமை 10 ஆக்கியது ஆனி கடைசியில். டாக்டரிடம் இதைக் காட்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டார், மறுபடி 5 ஆக்கி, கூடவே டெல்மிசார்ட்டான் சேர்த்து, நீர் மாத்திரையை நிறுத்தினார். மூன்றாவது வாரம் வீக்கம் வடிந்திருந்தது. மருந்தைக் குறைத்ததும் விளைவு குறைந்ததா என்பதும் படிவத்தில் உள்ள கேள்விதான், அதையும் நிரப்பினேன்.

இந்த அறிக்கைகளை வைத்து ‘இத்தனை சதவீதம் பேருக்கு வருகிறது’ என்று மட்டும் கணக்குப் போட்டுவிடாதீர்கள். எத்தனை பேர் அந்த மருந்தை எடுத்தார்கள் என்பது அங்கே இருக்காது, எழுதாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரியாது. எங்கே தேட வேண்டும் என்று கைகாட்டுவதுதான் அதன் வேலை.

முடிவைச் சீட்டு எழுதுபவர்களிடம் கொண்டுபோங்கள்

ஆய்விதழில் வந்தால் சந்தோஷம், ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டாம். எந்த மருத்துவமனையின் சீட்டுகளை எண்ணினீர்களோ அங்கேயே முதலில் சொல்லுங்கள். ஒரே பக்கம், தமிழில், பெரிய எழுத்தில். எந்த டாக்டர் எழுதியது என்ற விவரம் எங்கும் வரக்கூடாது. வந்தால் அடுத்த முறை உங்களுக்கு ஒரு சீட்டுகூடக் கிடைக்காது, அவர்கள் மேல் தவறும் இல்லை, ஒரு காலை நேரத்தில் நூறு பேரைப் பார்க்கிறார்கள். பக்கத்தின் அடியில் ஒரே ஒரு கேள்வியைப் போடுங்கள், ஓபியில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளும்படி. கால் வீங்கியிருக்கிறது என்று யாராவது வந்தால் நீர் மாத்திரை எழுதும் முன் கேட்க:

“பிரஷர் மாத்திரை எப்ப மாத்தினாங்க?”